வானிலிருந்து நோக்கும் கண்ணும் வீட்டின் வாசலும்

கடவுள் யாவற்றையும் காண்கிறார் என்று அறிக்கையிடும் திருச்சபை, அரசும் யாவற்றையும் காண முற்படும்போது என்ன சொல்ல வேண்டும்? இராணுவக் கண்காணிப்புக்கென வானில் நிறுத்தப்படும் ஆகாயக் கப்பல்கள் இவ்வினாவை எழுப்புகின்றன. அமெரிக்க இராணுவத்தின் அனுபவத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. கருவியின் இயல்பு

இவற்றுள் பல தாமாகப் பறந்து செல்பவை அல்ல. ஹீலியம் வாயு நிரப்பிய நீண்ட பலூன் வலிய வடத்தால் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். வடத்தின் வழியே மின்சாரம் மேலே செல்லும். கருவிகள் திரட்டும் செய்தி கீழே வரும். விமானம் எரிபொருளுக்காக இறங்கியே தீரவேண்டும்; பலூனோ நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். இந்த இடையறாத் தன்மையே அதன் பயன். அதன் அபாயமும் அதுவே.

2014 டிசம்பரில், மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் இராணுவத் தளத்தில் 'ஜேலென்ஸ்' எனும் திட்டத்தின் முதற் பலூன் ஏற்றப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 74 மீட்டர். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து, தலைநகரை நோக்கி வரும் ஏவுகணைகளை ரேடார் கொண்டு கண்டறிவதே நோக்கம். நோக்கம் தற்காப்பே எனினும், யூட்டாவில் முன்னர் நடந்த ஒரு சோதனையில் இவ்வகைப் பலூனில் ஒளிப்படக் கருவி பொருத்தித் தரையில் சென்ற வண்டிகளைப் பின்தொடர்ந்திருந்தனர். ஆதலால் மக்கள் ஐயுற்றனர். மேரிலாந்தில் அத்தகைய திட்டம் இல்லை என இராணுவம் கூறியது. ஆனால், மேலே இருப்பது எதுவென நேரில் அறியக் கீழே வாழ்பவருக்கு வழியில்லை. 2015 அக்டோபர் 28 அன்று ஒரு பலூன் வடம் அறுந்து பென்சில்வேனியா வரை மிதந்து சென்றது. தொங்கிய வடம் மின்கம்பிகளைச் சிதைத்ததால் பல்லாயிரம் வீடுகள் மின்சாரத்தை இழந்தன. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது.

2. முற்றமும் சட்டமும்

ஆப்கானிஸ்தானில் ஐயத்திற்கே இடமில்லை. அமெரிக்கப் படை அங்கிருந்த ஆண்டுகளில், காபூல், கந்தஹார் நகரங்களின் மேல் இரவும் பகலும் காணவல்ல ஒளிப்படக் கருவிகளோடு பலூன்கள் நின்றன. சாலையில் வெடிகுண்டு புதைப்போரை அவை காட்டிக்கொடுத்தன. உயிர்கள் காக்கப்பட்டதை நாம் மறுக்கலாகாது. ஆனால் அந்நாட்டு வீடு உயர்ந்த மதில் சூழ்ந்தது. அம்மதிலுக்குள் உள்ள முற்றமே பெண்கள் தடையின்றி நடமாடும் இடம். கோடையில் குடும்பத்தார் மாடியில் உறங்குவர். தெருவின் பார்வையைத் தடுக்க எழுப்பிய மதில், வானின் பார்வையைத் தடுக்கவில்லை. தங்கள் வீட்டுப் பெண்கள் பார்க்கப்படுகின்றனர் என மக்கள் முறையிட்டனர்.

சட்டமும் இதில் தடுமாறியுள்ளது. 1986 இல், வேலி சூழ்ந்த கொல்லையைக் காவலர் விமானத்திலிருந்து பார்த்தது தவறன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது வான்வழியில் பறக்கும் எவரும் காணக்கூடியதே அது என்பது காரணம். ஆனால் 2020 இல் பால்டிமோர் காவல்துறை நகரின் பெரும்பகுதியைப் பகல்தோறும் விமானங்களிலிருந்து படம் பிடித்தபோது, 2021 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படங்களில் மனிதர் வெறும் புள்ளிகளே. எனினும் ஒரு புள்ளி எவ்வீட்டிலிருந்து புறப்பட்டு எங்கே செல்கிறது என்பதைத் தொடர்ந்தால் ஆளை அறியலாம். ஒருமுறை காண்பது வேறு. இடைவிடாது தொடர்வது வேறு.

3. திருமறையின் நோக்கு

உபாகமம் 24:10-11 கடன் கொடுத்தவனுக்கு ஓர் எல்லை வகுக்கிறது. அடகுப் பொருளைப் பெற அவன் வீட்டினுள் நுழையலாகாது; வெளியே நிற்க வேண்டும். அவனுடைய உரிமை மெய்யானதே. ஆயினும் ஏழையின் வாசற்படியில் அது நின்றுவிடுகிறது. 2 சாமுவேல் 11 இல் அரசனாகிய தாவீது உயர்ந்த இடத்திலிருந்து குளிக்கும் பெண்ணைக் காண்கிறான். பார்வை விசாரணையாகவும், விசாரணை அபகரிப்பாகவும், அபகரிப்பு கொலையாகவும் வளர்கிறது. குற்றமற்றோர் கண்காணிப்புக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்போர் உரியாவை நினைத்துப் பார்ப்பார்களாக.

ஆதியாகமம் 16 இல் ஆகாரைக் காணும் கடவுளோ அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவள் துயரைக் கேட்கிறார். அவளோ அவருக்கே ஒரு பெயரிடுகிறாள். காண்பவரும் காணப்படுபவரும் அங்கே உரையாடுகின்றனர். பலூனின் கண் அழைப்பதுமில்லை, பதில் சொல்வதுமில்லை. எனவே கடவுளின் காணுதலை அரசின் கண்காணிப்புக்கு உவமையாக்குவது இறையியற் பிழையாகும்.

4. நமது அருட்பணி

பாதுகாப்பு தேவையில்லை என்பது நமது வாதமன்று. யார் பார்க்கிறார், எவ்வளவு காலம், பதிவு யாரிடம் இருக்கும், பார்க்கப்படுபவர் யாரிடம் முறையிடலாம் என்னும் வினாக்களை எந்த அரசிடமும் கேட்பது திருச்சபையின் கடமை.

அதற்கு முன் நமது பிரசங்க மேடையையும் நாம் சோதித்தறிய வேண்டும். சங்கீதம் 139 ஐக் கொண்டு, குற்றம் பிடிக்கக் காத்திருக்கும் காவற்காரராகக் கடவுளைச் சிறுவருக்குக் காட்டுகிறோமா? அவ்வாறாயின், விடாது நோக்கும் எந்தக் கண்ணுக்கும் பணிந்துபோகும் மக்களையே நாம் உருவாக்குகிறோம். அறைவீட்டின் அந்தரங்கத்தில் நம்மைக் காண்பவர் தந்தை என்று போதிப்போமாயின், அவ்வறையின் கதவைக் காக்கும் துணிவும் சபைக்கு உண்டாகும்.