முதல் புத்தகத்தில் காகம் இருக்கட்டும்

நுங்கு குடிக்கவென்று தலை சீவிய பனங்காயை நேரே பிடித்துப் பாருங்கள். கறுத்த தோலின் நடுவே வெளிறிய வட்டம், அதற்குள் மூன்று கண். இரண்டு மேலேயும் ஒன்று கீழேயுமாகத் திருப்பினால் அது ஒரு முகம். 1990களில் இத்தாலிய ஆய்வாளர்கள், பிறந்து சில நாள்களேயான குழந்தைகளுக்கு இதேபோல மூன்று கரும்புள்ளி வைத்த வடிவத்தைக் காட்டினார்கள். இரண்டு புள்ளி மேலே இருந்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன. அதையே தலைகீழாக்கினால் அந்த ஈர்ப்புக் குறைந்தது.

பிறந்த குழந்தையின் கண்ணுக்கு வேறெதுவும் பெரிதாக எட்டுவதில்லை. அதன் பார்வைக் கூர்மை ஏறத்தாழ 6/120. நல்ல கண்ணுடையவர் 120 மீற்றர் தள்ளி நின்று கண்டுபிடிப்பதை, குழந்தைக்கு 6 மீற்றரில் கொண்டுவந்து காட்டவேண்டும். காரணம் விழித்திரையில் இருக்கிறது. கூர்மையாகப் பார்ப்பதற்கென்று அதன் நடுவே ஒரு சிறு குழி உண்டு. வளர்ந்தவர்களுக்கு அங்கே கூம்புக் கலங்கள் மெலிந்து நீண்டு நெருக்கமாக அடுக்கியிருக்கும். குழந்தைக்கோ அவை கட்டையாய், தடித்து, இடைவெளி விட்டு நிற்கும். விழும் ஒளியில் பெரும்பகுதி வீணாகிவிடும். அவை நடுவுக்கு நகர்ந்து நெருங்கச் சில ஆண்டுகள் எடுக்கும். ஆகவே முதல் வாரங்களில் குழந்தையின் உலகம் 20 முதல் 30 சென்ரிமீற்றர்தான். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. அந்த முகத்திலும் முதலில் பிடிபடுபவை ஓரங்கள்: தலைமயிரும் நெற்றியும் சந்திக்கும் கோடு, நாடியின் வளைவு. கண்களை நோக்கத் தொடங்குவது இரண்டாம் மாதமளவில்.

பேச முடியாத குழந்தை எதைப் பார்க்கிறது என்று எப்படி அறிவது? அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் ஃபான்ட்ஸ் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். குழந்தையைப் படுக்கவைத்து, மேலே இரண்டு படங்களைத் தொங்கவிட்டார். சிறு துளையினூடாகக் குழந்தையின் கண்மணியைப் பார்த்தார். எந்தப் படத்தின் பிம்பம் கண்மணியில் தெரிகிறதோ அதையே குழந்தை பார்க்கிறது; நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். 1961இலும் 1963இலும் அவர் வெளியிட்ட முடிவுகள், வெறும் நிறத் தட்டைவிடக் கோடும் கட்டமும் முகமும் உள்ள தட்டுகளையே குழந்தைகள் நெடுநேரம் பார்ப்பதைக் காட்டின. பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் அதன் பிறகுதான் எண்ணத்தை மாற்றிக்கொண்டது.

இதை அறிந்தபின், கைக்குழந்தைக்கென்று கடைகளில் விற்கும் வெளிர்நீல, இளஞ்சிவப்புப் புத்தகங்களைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மென்னிறங்கள் வாங்குகிறவரின் கண்ணுக்கானவை. குழந்தைக்கு அவை வெறும் தாளாகவே தெரியும். வெள்ளையில் கறுப்பு, தடித்த ஓரம், ஒரு பக்கத்துக்கு ஒரே உருவம்: முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவே வேண்டும். சிவப்பும் பச்சையும் இரண்டாம் மாதமளவில் பிரிபடும். நீலம் சற்றுப் பிந்தும். நான்காம் மாதமளவில் நிறங்களோடு ஆழமும் புலப்படும். நெதர்லாந்தின் டிக் புரூனா 1955இல் தொடங்கிய மிஃபி என்ற முயல்குட்டிப் படங்கள் தடித்த கறுப்புக் கோட்டாலும் சில தெளிந்த நிறங்களாலும் ஆனவை. உலகெங்கும் குழந்தைகள் அவற்றில் இலயிப்பதில் வியப்பில்லை. ஆனால் கறுப்பு வெள்ளை அட்டை மூளையை வளர்க்கும் என்று சொல்லி விலை கூட்டி விற்பதற்கு ஆதாரம் இல்லை. ஏணைச் சேலையின் கரையும் கூரைக் கைமரத்தின் நிழலும் அதே வேலையைச் செய்யும்.

படம் கண்ணில் விழுந்துவிட்டால் மட்டும் போதாது. அது படம் என்று விளங்கவேண்டும். உளவியலாளர் ஜூடி டிலோச்சியும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் உள்ள போத்தலைப் பிடுங்கப் பார்த்தன, தட்டின, சுரண்டின. படப்புத்தகமே அரிதான ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் அப்படியே செய்தன. பத்தொன்பது மாதமளவில் பிடுங்குவது நின்று, விரலால் சுட்டிக்காட்டுவது வருகிறது. 2008இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒன்றரை வயதளவில் குழந்தைகள் படத்தில் பெயர் கற்ற பொருளை நேரில் கண்டதும் அடையாளம் காண்பதைக் காட்டியது. படம் உண்மைப் பொருளுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அது எளிதாயிற்று. தடித்த கோடு வேண்டும், ஆனால் காகம் காகமாகவே இருக்கவேண்டும்.

இங்கேதான் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையின் செவிக்கு இந்த மண் குறை வைத்ததில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரி வெருளி’ பாடல்களை அறியாத வீடு அரிது. கண்ணுக்குத்தான் போதவில்லை. 1959இல் திறந்த பொது நூலகத்தில் பின்னர் சிறுவர் பிரிவும் சேர்ந்தது. 1981இல், 97,000 நூல்களோடு அந்த நூலகம் எரிக்கப்பட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எழுதும் தாளுக்கே தட்டுப்பாடு. தடித்த அட்டையும் நான்கு நிற அச்சும் அன்று எங்கே கிடைக்கும்? போரின் பின் நூல்கள் வந்தன. 2005இலிருந்து இலங்கையில் இயங்கும் ரூம் டு ரீட் தொண்டு நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் நல்ல படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் கைக்கு இன்னும் அப்பிளும் பனிக்கரடியுமே வருகின்றன.

சிறுவர் நூல் எழுத்தாளரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்ஹவை நினைத்துப் பாருங்கள். காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர். குடையே கண்டிராத ஒரு கிராமத்தை 1956இல் ‘குட ஹொரா’வில் (குடைத் திருடன்) வரைந்தார்: மழைக்கு வாழையிலையைப் பிடித்துச் செல்லும் மனிதர்கள், குடை திருடும் குரங்கு. தன் ஊரை வரைந்த அந்தப் புத்தகத்தை யப்பானியப் பிள்ளைகளும் கொண்டாடினார்கள். எங்கள் ஊரிலும் வரையக் காத்திருப்பவை எத்தனை! வெளுத்த வானில் காகம், மாலை வெயிலில் பனை, துலாக் கிணறு, குழை தின்னும் ஆட்டுக்குட்டி, கொண்டை சிலிர்த்த சேவல், செம்பரத்தம்பூ. எல்லாவற்றுக்கும் கறுப்பும் சிவப்பும் போதும். இரண்டு நிறத்தில் அச்சிட்டால் செலவும் குறையும். அட்டை தடிப்பாக, மூலை வளைந்து இருக்கவேண்டும், ஏனென்றால் ஆறாம் மாதத்திலிருந்து புத்தகம் வாய்க்குத்தான் முதலில் போகும்.

அப்படியான புத்தகங்கள் வரும்வரைக்கும் பழைய கலண்டர் மட்டையின் பின்புறமும் ஒரு கறுத்த மார்க்கர் பேனையும் போதும். அம்மம்மா வரையும் காகத்தின் வால் கோணலாக இருந்தாலும் குழந்தைக்குக் குறையில்லை. பிள்ளையை மடியில் வைத்து அந்தக் காகத்தின் பெயரைச் சொல்லும் குரல்தான் முக்கியம். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் அவற்றை அச்சிடவும், யாழ்ப்பாணப் பேச்சுக்கு மாற்றி எழுதவும் அனுமதி இருக்கிறது.