தோற்றாலும் நம்ம அணி!

"கபடி, கபடி, கபடி!"

இந்தச் சத்தம் கேட்டால் போதும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்திலும் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடி தொழிற்சாலையில் இருந்து முதல் "விஜயந்தா" டாங்கி 1965-ல் வெளிவந்தது. வேலை தேடிப் பல மாவட்டத்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். மூட்டை முடிச்சோடு சடுகுடுவும் வந்தது!

சடுகுடுவுக்கு என்ன வேண்டும்? மட்டை வேண்டாம். பந்து வேண்டாம். பக்கத்துக்கு 7 பேர், நடுவே ஒரு கோடு, நெஞ்சு நிறைய மூச்சு. அவ்வளவுதான்.

கடைசி இடம்

2017-ல் புரோ கபடிப் போட்டியில் "தமிழ் தலைவாஸ்" அணி இறங்கியது. சென்னை ஆட்டங்கள் பெரியமேடு நேரு உள் விளையாட்டு அரங்கத்தில் நடந்தன. ஆவடியில் மின்சார ரெயில் ஏறி, சென்டிரலில் இறங்கினால் நடக்கிற தூரம்.

ஆனால் அணியின் தலைவர் அஜய் தாக்கூர், இமாசல பிரதேசத்துக்காரர். வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டவர்கள். "இது எப்படி நம்ம ஊர் அணி?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஜெயித்தாலாவது கேள்வி மறந்து போகும். அதுவும் இல்லை! 2019-ல் 12 அணிகளில் 12-வது இடம்.

விழுந்தார் பவன்

2022-ல் பவன் ஷெராவத் என்ற புலியைப் பிடித்தார்கள். விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்! அதுவரை கபடி ஏலத்தில் யாருக்கும் கிடைக்காத தொகை.

முதல் ஆட்டம். முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவே இல்லை.

அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நரேந்தர் முதலான இளம் பையன்கள் துணிந்து ஆடினார்கள். அணி முதல் தடவையாக அரை இறுதிக்குப் போனது! அங்கே புனே அணியிடம் 37-க்கு 39 என்று தோற்றது. இரண்டே புள்ளி!

அடுத்த ஏலத்தில் பவன் தெலுங்கு அணிக்குப் போய்விட்டார். நேற்று யாருக்காகக் கண் கலங்கினோமோ, அவரே இன்று எதிர்ப்பக்கம். ரசிகன் பாடு திண்டாட்டம்தான்.

ஏலம் இல்லாத நாடு

அயர்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டு பழைய ஆட்டங்கள் உண்டு. ஒன்று கேலிக் கால்பந்து. கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். மற்றொன்று ஹர்லிங். மட்டையால் பந்தை ஆகாயத்தில் பறக்க விடுவார்கள். அணிக்கு 15 பேர்.

இரண்டையும் நடத்தும் சங்கம் 1884-ல் பிறந்தது. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில் 82 ஆயிரம் பேர் கூடுவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது! ஆசிரியர், விவசாயி, மாணவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. சொந்த வட்டாரத்துக்காகவே ஆடுகிறார்கள். விலைக்கு வாங்க முடியாது.

அந்த மைதானத்தில் 1920 நவம்பர் 21-ந்தேதி பிரிட்டிஷ் படை சுட்டதில் 14 பேர் செத்தார்கள். அவர்களில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் ஒருவர். அவர் பெயர் இன்றும் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு இருக்கிறது.

ஊரும் பேரும்

நம் ஊர்ப் பக்கம் பொங்கல் போட்டிகளில் பனியனில் ஊர்ப் பெயர்தான் இருக்கும். அங்கேயும் பரிசுக்காக வெளியூர் ஆளை இறக்கினால், அடிதடி வரை போகும்!

தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்று ஒரு கிராமம். அங்கே ஆடிய கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 1995-ம் ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் "பைசன்" படம் வந்தது.

வெறும் கணேசன் என்றால் யாருக்கும் தெரியாது. "மணத்தி கணேசன்" என்றால்தான் தெரியும்.