உங்களுக்குத் தெரியுமா? கணினிக்கு ஒரு முழு நகல்

● கண்டியில் கணினி படுத்துவிட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "ஃபோமட் அடிக்கலாமா?" அடித்த பிறகுதான் என்னென்ன போனது என்று தெரியவரும். பாமினி எழுத்துரு, பழைய பிரிண்டரின் டிரைவர், சீடி தொலைந்துபோன பேஜ்மேக்கர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போடவேண்டும். அச்சகக்காரர்களுக்கும் கொமினிகேஷன் கடைக்காரர்களுக்கும் இதில் ஒரு நாள் பிழைப்பே போய்விடும். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே விண்டோஸோடு சேர்த்து ஹார்ட் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்து வைப்பதுதான் டிஸ்க் இமேஜ்.

● விண்டோஸுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. ஆனால் வேறு நிறுவனங்களின் மென்பொருளை நாடும்படி மைக்ரோசாஃப்ட்டே 2017இல் சொல்லிவிட்டது!

● ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த 'நோர்டன் கோஸ்ட்' 2013இல் நின்றுபோனது. பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது.

● காசில்லாமல் வேண்டுமா? தைவானில் உருவான குளோன்சில்லா இருக்கிறது. பென் டிரைவிலிருந்தே ஓடும். தரவு உள்ள பகுதியை மட்டும் எடுப்பதால் இடமும் மிச்சம். ஆனால் மௌஸ் கிடையாது, கேள்விக்கு மேல் கேள்வி. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிச் சொன்னால் நல்ல டிஸ்க்கே அழிந்துவிடும். பெரிய டிஸ்க்கில் எடுத்த இமேஜைச் சிறிய எஸ்எஸ்டியில் இறக்குவதும் லேசில் நடக்காது. புதியவர்களுக்கு ரெஸ்கியூசில்லாதான் நல்லது. மௌஸால் இயக்கலாம், குளோன்சில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும்.

● 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. பழைய இமேஜ் பழைய நாளுக்குத்தான் கொண்டுபோகும். அதனால், விட்ட இடத்திலிருந்து மாற்றங்களை மட்டும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளைத் தேடுங்கள். குளோன்சில்லாவில் அது இல்லை. வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பில் உண்டு.

● 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது. குரங்கின் சேட்டையைக் கண்டிக்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இமேஜ் எடுக்கும்போது மின்சாரம் போனால், பாதியில் நின்ற இமேஜ் உதவாது, ஆகவே யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

● அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி பெருகி பேராதனைக்கும் கம்பளைக்கும் வந்தது. வெள்ளம் ஏறினால் கணினிக்குப் பக்கத்து அலுமாரியில் இருக்கும் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். ஒரு பிரதியை மேட்டிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

● மென்பொருள் எதுவானாலும், அதன் மீட்பு பென் டிரைவைச் செருகி உங்கள் கணினி திறக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். திறக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறுங்கள்.