386 ரூபாய் ஊசியும் ரெண்டு நாள் கூலியும்: தடுப்பூசிக்கு பிரியாணி குடுத்தது லஞ்சமா?

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்கு வண்டி எடுத்துட்டுப் போனவங்களுக்கு மரக்காணம் தெரிஞ்சிருக்கும். ரோட்டோரமா கண்ணாடி மாதிரி உப்புப் பாத்திகள், வரப்புல வெள்ளை வெள்ளையா குவியல். வண்டியை நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துட்டு நம்ம கிளம்பிடுவோம். அந்தக் குவியலுக்குப் பக்கத்துல நிக்கிறவங்களோட வரவு செலவை ஒரு தடவை போட்டுப் பார்த்தா, தடுப்பூசிக்குப் பரிசு குடுக்கலாமா கூடாதாங்கிற பழைய சண்டை வேற மாதிரி தெரியும்.

உப்பு, வெயிலை நம்பி நடக்கிற தொழில். வருஷ ஆரம்பத்துல பாத்தியைத் தயார் பண்ணி, கோடை முழுக்க உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கினதும் நிறுத்திடணும். அந்த மழை மாசங்கள்ல கையில காசு இருக்காதுன்னுதான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம்னு ஒரு திட்டமே வெச்சிருக்கு. அப்போ கோடையில விட்டுப்போற ஒவ்வொரு நாளும் மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைக்கிற காசுல துண்டு விழுது.

இப்போ காலண்டரைப் பாருங்க. 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் கொரோனா தடுப்பூசின்னு கதவு திறந்தது 2021 மே 1. உப்பு வார்ற உச்ச சீசன். ஊசி இலவசம்தான். ஆனா முகாம்ல வரிசையில நிக்க அரை நாள், மறுநாள் காய்ச்சல், உடம்பு வலின்னு படுத்தா இன்னொரு நாள். ஒரு பேச்சுக்கு கூலி 500 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ரெண்டு நாளுக்கு 1,000. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அளத்துக்குப் போறவங்கன்னா 2,000. ரெண்டு டோஸ்னா 4,000. எல்லாருக்கும் காய்ச்சல் வந்துடாது, சரி. ஆனா வந்துடுமோங்கிற பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. நமக்கு? ஒரு சிக் லீவ். எச்.ஆர். போர்ட்டல்ல ரெண்டு கிளிக். சம்பளத்துல பைசா குறையாது.

அந்த நேரத்துலதான், இதே ஈ.சி.ஆர்.ல சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற கோவளம் செய்தியில அடிபட்டுச்சு. 2021 ஜூன்ல அந்த மீனவர் ஊர்ல தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து, ஊசி போட்டுக்கிட்டா பிரியாணி, குலுக்கல்ல தங்கக் காசு, வாஷிங் மெஷின், ஸ்கூட்டர்னு அறிவிச்சாங்க. உடனே ஒரு கூட்டம் கிளம்புச்சு. "உயிரைக் காப்பாத்துற ஊசிக்கு லஞ்சமா? ஜனங்களைக் கெடுக்கறீங்க"ன்னு. அப்படிச் சொன்னவங்கள்ல மாசச் சம்பளக்காரங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஏன்னா அதே வருஷம் நமக்கும் பிரியாணி வந்துச்சு, பேர்தான் வேற. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா, ஊசி போட்டவங்களுக்கு 1,111 நாள் எஃப்.டி.யில கால் சதவீதம் கூடுதல் வட்டி குடுத்துச்சு. யூகோ பேங்க் 999 நாள் டெபாசிட்டுக்கு 0.30% கூட்டிச்சு. இண்டிகோ டிக்கெட்ல 10% தள்ளுபடி. இதையெல்லாம் யாரும் லஞ்சம்னு சொல்லல, 'ஆஃபர்'னு சொன்னாங்க. அந்தக் கால் சதவீதத்தோட கணக்கும் போட்டுடலாம். 50,000 ரூபாயை 1,111 நாள் பூட்டி வெச்சா கூடுதலா சுமார் 380 ரூபாய். வரி தனி. நடுவுல உடைச்சா அதுவும் போச்சு. கையில 50,000 சும்மா இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பரிசு. உப்பளத்துல இருக்கிறவங்களுக்கு அது பரிசே இல்ல.

சரி, பரிசு குடுத்தா வேலை செய்யுமா? இதுக்கு நம்ம நாட்டுலயே நல்ல ஆதாரம் இருக்கு. ராஜஸ்தான் உதய்பூர் பக்கத்துக் கிராமங்கள்ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு நடத்தின ஆய்வு, 2010ல வெளியாச்சு. (2019ல நோபல் வாங்கினாங்களே, அவங்களேதான்.) எதுவும் செய்யாத ஊர்கள்ல முழுசா தடுப்பூசி முடிச்ச குழந்தைகள் 6%. ஒழுங்கா மாசாமாசம் முகாம் நடத்தின ஊர்கள்ல 18%. முகாமோட ஒவ்வொரு ஊசிக்கும் 1 கிலோ பருப்பு, எல்லாம் முடிச்சா ஒரு தட்டு செட் குடுத்த ஊர்கள்ல 39%. எனக்கு இதுல பிடிச்சது அடுத்த விஷயம். பருப்பு குடுத்த இடத்துலதான் முழுசா முடிச்ச ஒரு குழந்தைக்கு ஆன செலவு குறைவு. நர்ஸ் சம்பளம், வண்டி வாடகை எல்லாம் பத்து பேர் வந்தாலும் நாப்பது பேர் வந்தாலும் ஒண்ணுதானே. கூட்டம் வந்தா தலைக்கு ஆகுற செலவு இறங்கும். எந்த ஹோட்டல் முதலாளியைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லுவார்.

ஆனா எல்லாப் பரிசும் ஒண்ணு இல்ல. ஸ்வீடன்ல ஆளுக்கு சுமார் 24 டாலர் கண்டிப்பா கையில குடுத்து சோதிச்சாங்க, போட்டுக்கிட்டவங்க 4 சதவீதப் புள்ளி கூடினாங்க. அமெரிக்காவோட ஓஹையோ மாநிலத்துல 10 லட்சம் டாலர் லாட்டரி வெச்சாங்க. பேப்பர்ல பெரிய செய்தி ஆச்சு, ஆனா அதனால ஊசி போடுறது கூடினதா ஆராய்ச்சியாளர்கள் பார்த்தப்போ தெளிவான ஆதாரம் கிடைக்கல. அதனால கோவளத்து ஸ்கூட்டரை விட அந்த பிரியாணிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். நிச்சயமா கிடைக்கிற சின்னப் பரிசு, போன கூலியில கொஞ்சத்தையாவது ஈடுகட்டும்.

இதுல புதுசா எதுவும் இல்லங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல, குழந்தைக்கு உரிய தடுப்பூசி போட்டாத்தான் ஒரு தவணை வரும். தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான அம்மாக்கள் அந்தக் காசை வாங்கியிருக்காங்க. யார் கெட்டுப்போனாங்க?

இப்போ பூஸ்டர் கதைக்கு வருவோம். இதுல மாட்டிக்கிட்டது நம்ம ஆளுங்க, சம்பளக்காரங்க. 2022 ஏப்ரல் 10 முதல் 18 வயசுக்கு மேல எல்லாரும் தனியார் மையத்துல காசு குடுத்து 'முன்னெச்சரிக்கை டோஸ்' போடலாம்னாங்க. ஊசி 225, 5% ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம் அதிகபட்சம் 150. மொத்தம் 386 ரூபாய் 25 பைசா. ஒரு வீக்கெண்ட் சினிமா டிக்கெட், பாப்கார்ன் காசு. ஆனாலும் ஜூலை நடுவுல பார்த்தா, 18-59 வயசுல இருந்த சுமார் 77 கோடி பேர்ல 1% கூட போடல. ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரைக்கும் இலவசம்னு அறிவிச்சதும் 15 கோடிக்கும் மேல டோஸ் போச்சு. ஒரு நேர்மையான குறிப்பும் சொல்லணும். ஜூலை முதல் வாரத்துலதான் இடைவெளியை 9 மாசத்துல இருந்து 6 மாசமாக் குறைச்சாங்க. அதனால அந்தக் கூட்டம் முழுக்க இலவசத்துக்கு வந்த கூட்டம்னு சொல்ல முடியாது.

காத்திருந்தவங்க தப்பு பண்ணாங்களா? ஆரோக்கியமான 27 வயசுக்காரர், ஜனவரி ஒமிக்ரான் அலை ஓஞ்ச பிறகு மூணு மாசம் தள்ளிப் போட்டார்னா, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதே காரணத்தைச் சொல்லி வீட்டுல அப்பா அம்மாவையும் இழுத்தடிச்சவங்க இருந்தாங்க. 60 வயசு தாண்டினவங்களுக்கு அது முதல்ல இருந்தே அரசு மையத்துல இலவசம்! சேமிச்சது பூஜ்யம், ரிஸ்க் மட்டும் முழுசா.

பரிசுக்கு எதிர்ப்பக்கம் கெடுபிடி. நீலகிரியில 2021ல டாஸ்மாக் பாட்டிலுக்கு ஊசி சர்ட்டிஃபிகேட் கேட்டாங்க, ஞாபகம் இருக்கும். 2022 மே 2ல உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போடச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அதனால இனிமே எந்த ஊசி வந்தாலும் கேள்வி, செலவை யார் ஏத்துக்கறதுங்கிறதுதான்.

கொரோனா பூஸ்டரைப் பொறுத்தவரை உலக சுகாதார அமைப்பு 2023 மார்ச்லயே நிலைப்பாட்டை மாத்திடுச்சு. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு முதல் பூஸ்டருக்கு அப்புறம் திரும்பத் திரும்ப போடணும்னு பரிந்துரை இல்ல. முதியவர்கள், இணைநோய் உள்ளவங்க, கர்ப்பிணிகள் மாதிரியானவங்களுக்குத்தான் முன்னுரிமை. வீட்டுல சர்க்கரை, இதயப் பிரச்சனை உள்ளவங்க இருந்தா அவங்க டாக்டரைக் கேளுங்க, யூடியூப்பைக் கேட்காதீங்க (என்னையும் சேர்த்துத்தான்).

அடுத்த தடவை ஆபீஸ்ல ஃப்ளூ ஊசி முகாம்னு எச்.ஆர். மெயில் வரும். "ஊழியர்களுக்கு இலவசம்"னு போட்டிருக்கும். அந்த 'ஊழியர்கள்'ல காண்ட்ராக்ட் செக்யூரிட்டி அண்ணன், பாத்ரூம் கழுவுற அக்கா இருக்காங்களா, மறுநாள் காய்ச்சல் வந்தா அவங்களுக்கு சம்பளத்தோட லீவ் உண்டான்னு ஒரு ரிப்ளை போட்டுக் கேட்டுப் பாருங்க. வீட்டுல வேலை செய்யறவங்களுக்கு அந்த லீவைக் குடுக்க எச்.ஆர். மெயில் கூட தேவையில்ல.