குளியலறை ஒழுகினால் யார் பொறுப்பு?



நம் பிள்ளைகள் பலர் இன்று பினாங்கில் வேலை பார்க்கிறார்கள். தண்ணீர்மலைப் பக்கம், ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் போனால் அங்கேதானே தங்குகிறீர்கள்? இந்த முறை போகும்போது குளியலறையையும் ஒரு பார்வை பாருங்கள்.

மேல்தளம் ஈரம் படர்ந்து கறுத்திருக்கிறதா? கால் வைத்தால் வழுக்குகிறதா? தண்ணீர் வடியாமல் நிற்கிறதா? "வாடகை வீடுதானே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்தால் இழுப்பு உள்ள பிள்ளைக்கு இழுப்பு கூடும். வயதானவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். டிங்கிக் காய்ச்சல் வரும். கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருப்பவர் மேலும் நடவடிக்கை எடுப்பார்கள்.

தோட்டத்துப் பழக்கம் வேறு. முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. பைப்பு உடைந்தால் கிராணியிடம் சொல்கிறோம். செய்யாவிட்டால் சங்கம் கேட்கிறது. பட்டணத்து வாடகை வீட்டில் கிராணியும் கிடையாது, சங்கமும் கிடையாது. அங்கே பேசுவது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான்.

முன்பு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டியவற்றுக்கு வாடகையை ஏற்ற முடியாது. வரும் வாடகை சொற்பம் என்பதால் வீட்டுக்காரர்கள் பலர் பழுதுபார்க்கவில்லை. குடியிருந்தவர்களே கைக்காசு போட்டு ஒட்டுப்போட்டார்கள். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 1999 முடிவோடு கட்டுப்பாடு தீர்ந்தது. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

வழக்கமான ஒப்பந்தத்தில் பொறுப்பு இப்படிப் பிரியும்:

வீட்டுக்காரர்: கூரை, சுவர், சுவருக்குள் ஓடும் குழாய், பெரிய கழிவுக்குழாய், பழைய மின்கம்பி.

குடியிருப்பவர்: அன்றாடச் சுத்தம், முடி அடைத்த வடிகால், பல்பு, குழாய் வாஷர், தாமே உடைத்த பொருள்.

மேல்வீட்டிலிருந்து ஒழுகினால் வீட்டுக்காரருக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி விதிகளின்படி, புகார் கிடைத்து 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். குறை மேல்வீட்டில் என்று தெரிந்தால் அந்த வீட்டின் உரிமையாளர்தான் சரிசெய்ய வேண்டும்.

சுடுநீர் ஹீட்டரில் கை வைத்தால் சுரீரென்கிறதா? அன்றைக்கே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வெட்டவில்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்துத் தம்பியை வைத்து ஒட்டுவேலை வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கோபத்தில், "ரிப்பேர் செய்தால்தான் வாடகை" என்று நிறுத்தாதீர்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணை வாங்கி, பாக்கிக்காக உங்கள் சாமான்களைப் பறிமுதல் செய்ய வைக்கலாம். அதேபோல, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ளவும் முடியாது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை:

1. குடிபுகும் நாளிலேயே குளியலறையைப் படம் எடுத்து, தேதி குறித்து, வீட்டுக்காரருக்கு அனுப்பு. முன்பணம் திரும்பி வர அதுவே சாட்சி.

2. பழுதை வாயால் சொல்லாதே. எழுதிக் கொடு, நகல் வை.

3. அவசரத்துக்கு நீயே செலவழித்தால், முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கு, ரசீதைப் பத்திரப்படுத்து.

4. சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைக்காமலே சிறு வழக்குப் போடலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். உடம்பு நமக்குச் சுவர். அந்த உடம்பைக் காக்க, குளியலறைச் சுவரையும் இன்றைக்கே கவனியுங்கள்.