அபிகெய்ல் மட்டுமா குற்றவாளி?

ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலிருந்த சேலத்தில் நடந்த சூனிய வழக்குகள்தான் கதைக்களம். ஊரையே பிடித்தாட்டிய அந்தப் பீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பலரும் அபிகெய்ல் வில்லியம்ஸை நோக்கித்தான் கை நீட்டுவார்கள். காரணம் இல்லாமலில்லை. வேலைபார்த்த வீட்டின் எஜமானன் ஜான் ப்ராக்டரோடு அவளுக்கு உறவு. அவன் மனைவி எலிசபெத் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். எலிசபெத் சாகட்டும் என்று காட்டில் ரத்தம் குடிக்கும் அபிகெய்ல், அதை வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று தோழிகளை மிரட்டுகிறாள். பிறகு தன் வயிற்றில் தானே ஊசியைக் குத்திக்கொண்டு எலிசபெத் மீது பழி போடுகிறாள். இவளை நிரபராதி என்று யாரும் வாதாட முடியாது. ஆனால், ஒரு பெண்ணின் பொய் பலரைத் தூக்குமேடைக்கு அனுப்பும் அதிகாரத்தைப் பெற்றது எப்படி? அதற்கு அபிகெய்லின் குணம் மட்டும் விடையாகாது.

முதல் அங்கத்திலேயே விடை தொடங்கிவிடுகிறது. அபிகெய்ல் பழியை அடிமைப் பெண் டிட்யூபாவின் தலையில் போடுகிறாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாகும்வரை சவுக்கடி என்கிறார் பாதிரியார் பாரிஸ். தூக்கில் போட வேண்டும் என்கிறார் நிலக்காரர் புட்னம். பிசாசோடு யாரைப் பார்த்தாய் என்று துருவும்போது, சாரா குட், ஆஸ்பர்ன் என்று பெயர்களை எடுத்துக்கொடுப்பதும் அதே புட்னம்தான். மிரண்டுபோன டிட்யூபா அந்தப் பெயர்களையே திருப்பிச் சொல்கிறாள். உடனே அவளுக்கு ஆசியும் ஆறுதலும் கிடைக்கின்றன. பெயர் சொன்னால் பிழைக்கலாம் என்ற பாடத்தைப் பெரியவர்கள் நடத்த, அபிகெய்ல் அங்கேயே படித்துக்கொள்கிறாள். அடுத்த நிமிடம் அவளும் பெயர்களை அடுக்குகிறாள்.

இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியவர் துணை ஆளுநர் டான்ஃபோர்த். ஒப்புக்கொண்டால் உயிர், மறுத்தால் கயிறு. கைதான பெண்கள் நல்லவர்கள் என்று 91 பேர் கையெழுத்திட்ட மனு வந்தால், கையெழுத்திட்டவர்களையே விசாரணைக்கு இழுத்துவர உத்தரவிடுகிறார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தானே என்று சிலர் கேட்கலாம். மூன்றாம் அங்கம்வரை அந்த வாதம் ஓரளவு நிற்கும், நான்காவதில் சரிந்துவிடும். அங்கே அபிகெய்ல் தன் மாமா பாரிஸின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டாள். முக்கிய சாட்சியே ஓடிப்போன பிறகும் தண்டனையைத் தள்ளிவைக்க டான்ஃபோர்த் மறுக்கிறார். ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, இப்போது தயங்கினால் அந்தச் சாவுகள் மீதும் சந்தேகம் எழுமே என்பதுதான் அவர் கவலை. ப்ராக்டரும் மூதாட்டி ரெபெக்கா நர்ஸும் தூக்குமேடை ஏறும்போது அபிகெய்ல் ஊரிலேயே இல்லை.

அவள் கொளுத்திப் போடாவிட்டால் எதுவுமே நடந்திருக்காதே என்பது அடுத்த மறுப்பு. வரலாற்று அபிகெய்ல் 11, 12 வயதுச் சிறுமி; ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர். இருவருக்கும் உறவு என்பது மில்லரின் கற்பனை. அந்தக் காதலும் வஞ்சமும் இல்லாமலே உண்மையான சேலத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1692 அக்டோபரில் ஆளுநர் ஃபிப்ஸ் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவி வந்து வதைத்தது என்ற சாட்சியத்தை 1693-ல் புதிய நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதன்பின் அங்கே ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. பொய்க்கு அபிகெய்ல் பொறுப்பு. அந்தப் பொய்க்குத் தீர்ப்பின் முத்திரை குத்தி, பொய்யென்று தெரிய வந்த பிறகும் கயிற்றை இறுக்கிய பழி டான்ஃபோர்த்தையே சேரும்.