மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறீங்களா? திருவண்ணாமலைக்காரங்க முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

2025 நவம்பரில், திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாதுமலையில் உள்ள கோவிலூர் சிவன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது ஒரு மண்பானை கிடைத்தது. அதற்குள் 103 தங்கக் காசுகள்!

இப்படி ஒரு செய்தி வந்தாலே, ‘நாமும் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடினால் என்ன?’ என்ற ஆசை பலருக்கும் எட்டிப் பார்க்கும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே இந்தக் கருவி கிடைக்கிறது. ஆனால், பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

எவ்வளவு ஆழம் எட்டும்?

கருவியின் அடியில் உள்ள வட்டமான காயில், மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பும். அதில் உலோகம் சிக்கினால் ‘பீப்’ சத்தம் வரும். ஒற்றைக் காசு என்றால், சாதாரண ஹாபி கருவிகள் பெரும்பாலும் ஓர் அடிக்குள்தான் கண்டுபிடிக்கும். 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் 505 தங்கக் காசுகள் கிடைத்தது, சுமார் 7 அடி ஆழத்தில். அந்த ஆழம் இந்தக் கருவிகளின் வேலையே இல்லை.

‘பல மீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும்’ என்று ஆன்டெனா குச்சி வைத்த கருவிகளை விற்பவர்களிடம் உஷார்! கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை ‘வெடிகுண்டு டிடெக்டர்’ என்று இராக் வரைக்கும் விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு, 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

நம்ம ஊர் காசுக்கு ஒரு சிக்கல்

வெளிநாட்டு வீடியோக்களில், ‘இரும்பை ஒதுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள், ஆணித் தொல்லை இருக்காது’ என்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் காசும் சேர்ந்து போய்விடும். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனவை. கருவிக்கு அவையும் இரும்புதான். அந்தக்கால அலுமினியப் பைசாக்களோ, சாக்லேட் சுற்றிய ஃபாயில் பேப்பர் போலவே சத்தம் தரும்.

அதனால், உலோகத்துக்கு ஏற்ப எண் காட்டும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச் சத்துள்ள செம்மண்ணில் பொய்யாகக் கத்தாமல் இருக்க ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதி வேண்டும். கடற்கரையில் தேடுவதென்றால், ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் இயங்கும் கருவி நல்லது. உப்பு ஈரம் அதை அவ்வளவாகக் குழப்பாது.

கிடைத்தால் நமக்கா?

இந்தியப் புதையல் சட்டம் 1878-ல் வந்தது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகை இன்றும் 10 ரூபாய்தான்! முறையாகத் தெரிவித்தால், கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய காசு தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அண்ணாமலை, காப்புக்காடு. அங்கே தோண்டினால் வனத்துறை வழக்கு வரும். கோயில் நிலங்களிலும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலும் கைவைக்கவே கூடாது.

ஈயத்துக்கு என்ன மதிப்பு?

செங்கம் பக்கத்தில் உள்ள ஆண்டிப்பட்டியில் ஒருமுறை பழங்கால ஈயக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. எடைக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அவற்றில் தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இந்த வட்டாரத்தின் சங்ககால வரலாற்றை ஆராய்பவர்களுக்கு அது பெரிய சான்று. கண்டெடுத்தவர் உருக்கியிருந்தால், அந்தப் பெயர் அன்றோடு அழிந்திருக்கும்.

காசு எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதும் வரலாறுதான். 1992-ல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடி டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியர் காலப் புதையல்! முழுவதையும் தானே தோண்டாமல் தகவல் சொன்னார். ஆய்வாளர்கள் வந்து முறையாகத் தோண்டி, சுமார் 15,000 காசுகளை எடுத்தார்கள். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. லாஸுக்கும் பெரிய தொகை பரிசாகக் கிடைத்தது. தொலைந்த சுத்தியலும் கிடைத்துவிட்டது!

அப்போ, எங்கேதான் தேடுவது?

சொந்த வீட்டுத் தோட்டத்தில் விழுந்த மூக்குத்தி, களத்துமேட்டில் தொலைந்த மோதிரம், நண்பர் வயலில் காணாமல்போன சாவி... நில உரிமையாளர் சம்மதத்தோடு இவற்றைத் தேடுவதற்குத்தான் இந்தக் கருவி சரியாக உதவும். கிரிவலப் பாதை போன்ற பொது இடத்தில் யாரோ தவறவிட்ட நகை கண்ணில் பட்டால், அது புதையல் இல்லை, அடுத்தவர் பொருள். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள்.

தோண்டும்போது பானை ஓடோ, பழைய காசோ தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, வி.ஏ.ஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்கள். பழங்காசு பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு ஒரு நடை போய் வரலாம். டிடெக்டர் விலையைவிட டிக்கெட் மிகவும் மலிவு!